ஈரக் காற்று ஊரில் சாக்லேட்: பண்டிகைக் காலக் கேள்விகளும் பதில்களும்

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முறுக்கு, நெய் உருண்டை, அச்சுமுறுக்கு ஆகியவற்றோடு வீட்டில் செய்த சாக்லேட்டும் பலகாரத் தட்டில் ஏறிவிடுகிறது. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் என்று அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பவும் அதுவே வசதி. செய்முறை தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை குளிர் நாட்டுச் சமையலறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே அறை வெப்பம் என்றால் 20 டிகிரி. நம் வீட்டில் மதியம் 31, 32. அந்த வேறுபாட்டிலிருந்து பிறந்த கேள்விகளே இவை. என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்பக் கேட்பவை. வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் கணக்கு.

கடையில் பல வகை கட்டிச் சாக்லேட் இருக்கிறது. எதை வாங்குவது?

பதிலுக்கு முன் நான் ஒன்று கேட்பேன். செய்து முடித்த சாக்லேட் எங்கே, எவ்வளவு நேரம் இருக்கப் போகிறது? இது தெரிந்தால் மற்ற முடிவுகள் தாமாகவே வந்துவிடும்.

திறந்த இல்ல உபசரிப்பு நாளில் வாசல் கதவு காலை பத்து மணியிலிருந்து இரவு வரை திறந்திருக்கும். முன்கூடத்தில் விசிறி மட்டும் சுற்றும். தட்டில் வைத்தது மாலை வரை உருகாமல் நிற்க வேண்டும். அதற்குக் காம்பவுண்ட் சாக்லேட். அழகான பெட்டியில் வைத்து, குளிர்சாதன அறையிலிருந்து நேரே ஒருவர் கைக்குப் போய், அன்றே வாயில் கரையப் போகிறதென்றால் கூவர்ச்சர் சாக்லேட்.

இரண்டுக்கும் வேறுபாடு கொழுப்பில் இருக்கிறது. கூவர்ச்சரில் இருப்பது கோகோ வெண்ணெய்; சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடல் சூடு 37. அதனால்தான் நாக்கில் பட்டதும் கரைகிறது. அதே காரணத்தால்தான் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்திவிட்டு வருவதற்குள் பெட்டிக்குள் குழம்பாகிவிடுகிறது. காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பெரும்பாலும் செம்பனைக் கொட்டை எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு இருக்கும். சற்றுக் கூடுதல் சூட்டைத் தாங்கும், எளிதில் உறையும், டெம்பரிங் (சூட்டை அளந்து ஏற்றி இறக்கிப் பதப்படுத்துவது) தேவையில்லை.

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள் பட்டியலில் மலாய் மொழியில் ‘மெந்தேகா கோக்கோ’ என்று கோகோ வெண்ணெய் முன்வரிசையில் இருந்தால் கூவர்ச்சர் வகை. ‘லெமாக் சாயுரான்’ என்று தாவரக் கொழுப்பு இருந்தால் காம்பவுண்ட். முன்பக்கத்தில் எவ்வளவு தங்க எழுத்து இருந்தாலும் பின்பக்கம் சொல்வதே உண்மை.

காம்பவுண்ட் என்றால் மட்டமான சரக்கு என்கிறார்களே?

சொல்பவர்கள் நம் ஊர்க் கூடத்தில் மதியம் மூன்று மணிக்கு ஒரு தட்டு கூவர்ச்சர் வைத்துப் பார்க்கட்டும். சுவையில் கூவர்ச்சர் மேல்தான், அதில் வாதமில்லை. காம்பவுண்டில் மட்டமானவையும் உண்டு, பல்லில் மெழுகு ஒட்டியது மாதிரி இருக்கும். ஆனால் நல்ல காம்பவுண்டை வறுத்த பாதாமோடும் ஒரு சிட்டிகை உப்போடும் சேர்த்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆல்மண்ட் லண்டன், சோளப்பொரிச் (கார்ன்ஃபிளேக்ஸ்) சாக்லேட் போன்ற நம் ஊர்ப் பண்டிகைப் பலகாரங்கள் காம்பவுண்டை நம்பித்தான் வளர்ந்தன.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ‘பாதிக்குப் பாதி’ என்று இரண்டையும் கலக்காதீர்கள். செம்பனைக் கொட்டைக் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் ஒன்றோடொன்று சேராதவை. கலவை சரியாக உறையாமல் மென்மையாகவே கிடக்கும். சில நாளில் மேலே சாம்பல் பூக்கும். காம்பவுண்டின் சுவையைக் கூட்ட வேண்டுமானால் நல்ல கோகோ தூளைச் சிறிது சேர்க்கலாம். அதில் கொழுப்பு குறைவு என்பதால் பிரச்சினை வராது.

டெம்பரிங் என்பது என்ன? கட்டாயமா?

கூவர்ச்சர் என்றால் கட்டாயம். காம்பவுண்ட் என்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம்.

கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. பளபளப்பு, உடைக்கும்போது ‘டக்’ என்ற ஓசை, கையில் ஒட்டாத உறுதி எல்லாம் அதிலிருந்து வருபவை. சும்மா உருக்கி அச்சில் ஊற்றினால் கண்ட வகைப் படிகங்களும் சேர்ந்து, மங்கிய, பிசுபிசுத்த சாக்லேட் கிடைக்கும். வேண்டாத படிகங்களைச் சூட்டில் கரைத்து, வேண்டியதை மட்டும் வளரவிடுவதுதான் டெம்பரிங்.

வீட்டில் எளிய வழி விதைப்பு முறை. 600 கிராம் கறுப்புச் சாக்லேட் என்றால் 400 கிராமை உருக்கி 45 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, மீதி 200 கிராமைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, விடாமல் கிளறுங்கள். நறுக்கிய துண்டுகளில் சரியான படிகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை மற்றவற்றையும் தம் வழிக்கு இழுத்துக்கொள்ளும். 31 அல்லது 32 டிகிரி வந்ததும் வேலையைத் தொடங்கலாம். பால் சாக்லேட்டுக்கு 29 முதல் 30. வெள்ளைக்கு 28 முதல் 29. பாலையும் வெள்ளையையும் உருக்கும்போதே 45-ஐத் தாண்ட விடாதீர்கள். பால் புரதம் கருகிக் குருணை தட்டும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, கத்தி முனையைத் தோய்த்து வையுங்கள். 20 டிகிரி அறையில் ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்போடு உறைய வேண்டும். கோடு கோடாகத் தெரிந்தாலோ ஈரமாகவே இருந்தாலோ இன்னும் கொஞ்சம் விதைத் துண்டு போட்டுக் கிளற வேண்டும்.

தெர்மாமீட்டர் இல்லாமல் முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். உதட்டின் கீழ் ஒரு துளி வைத்து, சூடாகவும் தெரியாமல் குளிர்ச்சியாகவும் தெரியாமல் இருந்தால் சரி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குளிர் நாட்டில் அது ஓரளவு செல்லும். வியர்த்துக்கொண்டு நிற்கும் நமக்கு உதடு பொய் சொல்லும். முனை செருகும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மற்ற கருவிகளுக்கெல்லாம் முன்னால் அதுதான்.

எல்லாம் சொன்னபடி செய்தும் சாக்லேட் உறையவே இல்லை. ஏன்?

எந்த அறையில் செய்தீர்கள்? பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். நம் ஊர்த் தரைவீடுகளில் சமையலறை பின்பக்கம், குளிர்சாதனம் கிடையாது. பக்கத்து அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கும். 31 டிகிரி அறையில் 31 டிகிரி சாக்லேட் எதை நோக்கி ஆறும்?

மடக்கு மேசையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போங்கள். கதவைச் சாத்தி, குளிர்சாதனத்தை 20-இல் வைத்து, அரை மணி நேரம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். குளிர்சாதனம் சூட்டைக் குறைப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துவிடும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. உருக்குவதைச் சமையலறையில் முடித்து, பாத்திரத்தின் அடியை நன்றாகத் துடைத்துவிட்டு அறைக்குள் கொண்டுவர வேண்டும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் மாலை மழை வழக்கம். அந்த நேரத்தை விட்டுவிட்டு, காலையிலோ இரவு பத்து மணிக்கு மேலோ செய்வது நல்லது.

இன்னொன்று: சாக்லேட் வாசனையை உறிஞ்சும். வெங்காயம் வதக்கும் வாசனையும் சரி, பூசை அறைச் சாம்பிராணியும் சரி, இரண்டும் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கற்பூர மணம் வீசும் பால் சாக்லேட்டை விருந்தாளிக்குக் கொடுப்பது சங்கடம்.

உருக்கும்போதே திடீரென்று மண் கட்டியாகத் திரிந்துவிடுகிறது. காப்பாற்ற முடியுமா?

தண்ணீர் பட்டிருக்கிறது. ஒரு சொட்டு போதும். சாக்லேட்டில் சீனித் துகள்கள் கொழுப்பில் மிதக்கின்றன. சிறிது ஈரம் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரள்கின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்குபவர்களுக்கு ஆவிதான் எதிரி. கிண்ணம் பாத்திரத்தின் வாயை நன்றாக மூட வேண்டும், அடி தண்ணீரைத் தொடக் கூடாது, தண்ணீர் கொதிக்கவும் கூடாது. மரக்கரண்டி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சிலிகோன் கரண்டி பயன்படுத்துங்கள். மைக்ரோவேவ் இருந்தால் எனக்கு அதுவே பிடிக்கும்: பாதி சக்தியில் 30 வினாடி, எடுத்துக் கிளறு, மறுபடி 30 வினாடி. அவசரப்பட்டு முழுச் சக்தியில் வைத்தால் நடுவில் கருகியிருப்பது வெளியில் தெரியாது.

திரிந்ததை அச்சுக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் தூக்கி எறிய வேண்டாம். சூடான பால் அல்லது கிரீம் தாராளமாகச் சேர்த்து அடித்தால் மறுபடி வழவழப்பாகிவிடும். கேக் மேல் ஊற்றவோ பிள்ளைகளுக்குச் சாக்லேட் பால் கலக்கவோ உதவும்.

இரண்டு நாளில் மேலே வெள்ளையாகப் படிந்துவிட்டது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு மறைந்தால் அது கொழுப்புப் பூப்பு: டெம்பரிங் சரியில்லை, அல்லது உருகி மறுபடி உறைந்திருக்கிறது. சொரசொரப்பாக இருந்து போகாமல் நின்றால் சீனிப் பூப்பு. அதற்குக் காரணம் ஐஸ் பெட்டி.

ஐஸ் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. எந்தப் பொருளின் மேற்பரப்பும் சுமார் 23, 24 டிகிரிக்குக் கீழே போனால் அதன் மேல் பனி முத்து படியும். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து வரும் சாக்லேட் 4, 5 டிகிரியில் இருக்கிறது. திறந்த உடனே அதன் மேல் தண்ணீர் படிகிறது, சீனி கரைகிறது, தண்ணீர் காய்ந்ததும் சீனி மட்டும் வெள்ளையாக நிற்கிறது. ஆகவே வைக்கும்போது காற்றுப் புகாத டப்பாவில், அதை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள். எடுக்கும்போது மூடியைத் திறக்காமல் வெளியே ஒரு மணி நேரம் விடுங்கள். பனி முத்து டப்பாவின் வெளியே படிந்து போகும், சாக்லேட் தப்பிக்கும். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் டப்பாவைத் திறந்து தட்டில் கொட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

அச்சில் ஊற்றியதை உறைய வைக்கப் பத்து, பதினைந்து நிமிடம் ஐஸ் பெட்டியில் வைப்பதில் தடையில்லை.

மயில், அகல் விளக்கு, கோலம் என்று நம் வடிவங்களைச் செய்ய முடியுமா?

முடியும். அச்சுகளில் இரண்டு வகை. வளையும் சிலிகோன் அச்சு எளிது, மலிவு. நுணுக்கமான மயில் தோகைகூட உடையாமல் வெளியே வரும். ஆனால் பளபளப்பு மட்டு. கண்ணாடி போல மின்ன வேண்டுமென்றால் கெட்டியான பாலிகார்பனேட் அச்சு. ஊற்றுமுன் உலர்ந்த பஞ்சால் ஒவ்வொரு குழியையும் துடைத்துப் பளபளப்பாக்குங்கள். அதில் கூவர்ச்சர் சரியாக உறைந்தால் சற்றே சுருங்கித் தானாகவே கழன்று விழும். கழலவில்லையா, டெம்பரிங்கில்தான் கோளாறு. கத்தியால் நெம்பி அச்சில் கீறல் போடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது அச்சே வேண்டாத வழி. கோலம் போடத் தெரிந்தவர்களுக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கும். வெண்ணெய்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி, முனையில் ஊசி அளவு வெட்டி, உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை நிரப்புங்கள். கறுப்புச் சாக்லேட்டை வட்ட வட்டமாக ஊற்றி உறைய வைத்து, அதன் மேல் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இழுக்கலாம். மூன்று புள்ளி, ஐந்து புள்ளிக் கோலம் போதும். அதற்கு மேல் போனால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கை நடுங்குபவர்கள் கோலத்தைத் தாளில் வரைந்து, அதன் மேல் கண்ணாடித் தாளை விரித்து, கோட்டைப் பின்பற்றி இழுக்கலாம். உறைந்ததும் உரித்து எடுத்துக் கேக் மேல் நிறுத்தி வைத்தால் பார்ப்பவர்கள் நின்று பார்ப்பார்கள்.

சாதாரண உணவு வண்ணத்தைக் கலக்கலாமா? தங்கத் தூள் தூவலாமா?

தண்ணீர் கலந்த வண்ணம் கூடாது. மேலே சொன்ன மண் கட்டிக் கதைதான். சாக்லேட்டுக்கென்று விற்கும் எண்ணெய் வண்ணம், அல்லது கொழுப்பில் கரையும் தூள் வண்ணம் வாங்க வேண்டும். வெள்ளைச் சாக்லேட் இயல்பிலேயே சற்று மஞ்சள் என்பதால் நீலம் போட்டால் பச்சைச் சாயலும், ஊதா போட்டால் அழுக்கு நிறமும் வரும். மயில் நீலம் வேண்டுவோர் முதலில் கொஞ்சம் வெள்ளை வண்ணம் சேர்த்துவிட்டு நீலம் சேர்க்கட்டும்.

தங்கத் தூளில் எச்சரிக்கை தேவை. சில டப்பாக்களில் ‘நஞ்சற்றது’ என்று மட்டும் போட்டிருக்கும். நஞ்சில்லை என்பதாலேயே உணவாகிவிடாது. அது பொம்மைக்கும் அலங்காரத்துக்கும் செய்தது. ‘உண்ணத்தக்கது’ என்றும், பொருள் பட்டியலும் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். அதுவும் உலர்ந்த தூரிகையால் மயில் கழுத்தில் ஒரு வீச்சு போதும்.

ஆல்மண்ட் லண்டன் ஒழுங்காக வர என்ன வழி?

லண்டனில் போய்க் கேட்டால் விழிப்பார்கள். இது நம் நாட்டுப் பெருநாள் பலகாரம், தீபாவளிக்கும் வந்து சேர்ந்துகொண்டது. முழுப் பாதாமைப் பிஸ்கட் மாவில் பொதிந்து சுட்டு, சாக்லேட்டில் முக்கி, காகிதக் கிண்ணத்தில் வைப்பது.

250 கிராம் வெண்ணெயோடு 120 கிராம் ஐசிங் சீனி, ஒரு முட்டையின் மஞ்சள் கரு சேர்த்துக் குழையுங்கள். 350 கிராம் கோதுமை மாவும் 50 கிராம் சோள மாவும் சேர்த்துப் பிசையாமல் திரட்டுங்கள். பாதாமை முன்பே 150 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். பச்சைப் பாதாம் வாயில் சவசவக்கும். சுண்டுவிரல் அளவு மாவில் பொதிந்து 160 டிகிரியில் சுமார் இருபது நிமிடம். பிஸ்கட் நன்றாக ஆறிய பிறகே சாக்லேட்டில் முக்க வேண்டும். சூட்டோடு முக்கினால் பிஸ்கட்டுக்குள் சிக்கிய ஆவி வெளியே வர வழியில்லாமல் மொறுமொறுப்பு போய்விடும்.

மாமியார் முட்டை சாப்பிட மாட்டார் என்பவர்கள் மஞ்சள் கருவுக்குப் பதிலாக இரண்டு தேக்கரண்டி பால் விடலாம். சற்று உதிரும், சாக்லேட் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே வைக்க நம் நாட்டுச் சுவைகள் எவை பொருந்தும்?

குலா மலாக்கா எனும் தென்னை வெல்லமும் தேங்காயும் முதலிடம். ஆனால் ஈரமான தேங்காய்ப் பூரணத்தை அப்படியே அடைத்தால் ஓரிரு நாளில் புளித்துவிடும். உலர்ந்த தேங்காய்த் துருவலைப் பொன்னிறமாக வறுத்து, குலா மலாக்காவைப் பாகு காய்ச்சிக் கெட்டியாக்கிச் சேர்த்தால் தாங்கும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஜாதிக்காய் கையருகே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அந்தத் தீவில் நட்டுப் பயிராக்கியது. பாலிக் புலாவ் பக்கம் இன்னும் விளைகிறது. சௌராஸ்தா சந்தையில் கிடைக்கும் உலர்ந்த இனிப்பு ஜாதிக்காயைப் பொடியாக நறுக்கிக் கறுப்புச் சாக்லேட்டில் போடுங்கள். காரமும் புளிப்பும் கலந்து வரும் அந்தச் சுவைக்கு ஈடு கிடையாது. ஏலக்காய்–முந்திரி, இஞ்சி–எள், கெட்டிக் கோப்பி ஆகியவையும் நன்றாகச் சேரும். பாண்டான் இலை மணம் வெள்ளைச் சாக்லேட்டோடு மட்டுமே ஒத்துப்போகும். கறுப்பில் போட்டால் காணாமல் போய்விடும். டுரியான் பிடித்தவர்களுக்கு டுரியான். ஆனால் அதே டப்பாவில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

மென்மையான உருண்டை வேண்டுமா? 200 கிராம் கறுப்புச் சாக்லேட்டுக்கு 100 மில்லி கிரீம். ஓரத்தில் குமிழி வந்ததும் சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து கிளறுங்கள். வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கிரீம். கிரீமுக்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப் பாலும் விடலாம். இவை ஐஸ் பெட்டியில் ஒரு வாரம். வெளியே தட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஹலால் முத்திரை இருந்தால் எல்லா விருந்தாளிகளுக்கும் கொடுக்கலாம்தானே?

முஸ்லிம் நண்பர்களுக்கு அந்த முத்திரை போதும். நம் வீட்டுச் சைவர்களுக்குப் போதாது. மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய் போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கிறது. ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுப்பது. மாட்டிறைச்சி தொடாத இந்துக் குடும்பத்தில், தீபாவளித் தட்டிலேயே அது அறியாமல் வந்து உட்கார்ந்திருக்கும். வேண்டாதவர்கள் மீன் ஜெலட்டின் அல்லது அகர் அகரால் செய்ததைத் தேடலாம். சுத்த சைவர்களுக்கு அகர் அகர் மட்டுமே. சிவப்பு வண்ணத்தில் இ120 என்ற எண் இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்தது. அதையும் சைவர்கள் ஒதுக்குவார்கள்.

ரம், பிராந்தி சேர்க்கும் செய்முறைகளை உபசரிப்புத் தட்டுக்கு எடுக்காதீர்கள். ஒரு தட்டில் மட்டும் இருக்கிறது, சொல்லிவிடலாம் என்று நினைப்பது கூட்டத்தில் நடக்காது. பாதாம், முந்திரி, நிலக்கடலை போட்டவற்றைத் தனித் தட்டில் வைத்து ஒரு சீட்டு எழுதி வையுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் உங்களை வாழ்த்துவார்.

தீபாவளிக்கு எவ்வளவு நாள் முன்பே செய்யலாம்?

கொட்டை மட்டும் சேர்த்த கட்டிச் சாக்லேட், ஆல்மண்ட் லண்டன், சோளப்பொரிச் சாக்லேட் ஆகியவற்றை இரண்டு, மூன்று வாரம் முன்பே செய்து காற்றுப் புகாத போத்தலில் வைக்கலாம். போத்தலைக் கழுவிய அன்றே நிரப்பாதீர்கள். மூடியின் மறையில் ஈரம் ஒளிந்திருக்கும். கிரீம் சேர்ந்தவை கடைசி இரண்டு நாள் வேலை. முறுக்கு சுடுவதற்கு முன் சாக்லேட்டை முடித்துவிடுங்கள். எண்ணெய்ப் புகை படிந்த வீட்டில் அதன் பிறகு செய்வதில் பொருளில்லை.

பினாங்கில் இருக்கும் சின்னம்மாவுக்குக் காரில் கொண்டுபோக வேண்டும். உருகாமல் போகுமா?

பண்டிகைக்கு முந்திய நாள் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரப் பயணம் எட்டாகலாம். பின்பக்கச் சாமான் அறையில் வைக்கவே கூடாது. குளிர்ப் பெட்டிக்குள் ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றி வைத்து, சாக்லேட் டப்பாவை இறுக மூடி, காருக்குள்ளே காலடியில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே திறந்து காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முதலில் கோப்பி குடியுங்கள். கூரியரில் அனுப்புவதாக இருந்தால் காம்பவுண்ட் மட்டும்.

நிச்சயதார்த்தத் தட்டுக்குச் சாக்லேட் அடுக்குவது எப்படி?

வரிசைத் தட்டில் சாக்லேட் இப்போது பழக்கமாகிவிட்டது. கூம்பு வடிவத் தெர்மகோலில் குச்சி செருகிக் கோபுரமாக அடுக்குவார்கள். தெர்மகோலை முதலில் உணவுத் தாளால் சுற்றுங்கள். மண்டபத்தில் குளிர்சாதனம் உண்டு என்று நம்பினாலும், பெண் வீட்டு வாசலில் தட்டோடு வரிசையில் நிற்கும் அரை மணி நேரத்தைக் கணக்கில் வையுங்கள். வெளி அடுக்கு காம்பவுண்ட். நல்ல சாக்லேட்டைத் தனிப் பெட்டியில் போட்டு நடுவில் வையுங்கள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் தட்டை வைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமிப்பதும் நல்லது.

பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய எது எளிது?

சோளப்பொரி. 200 கிராம் காம்பவுண்டை உருக்கி 100 கிராம் சோளப்பொரியைப் புரட்டி, காகிதக் கிண்ணங்களில் போட்டு மேலே வண்ணத் தூவல். உருக்குவது உங்கள் வேலை, தூவுவது அவர்கள் வேலை. வீட்டில் நாய் இருந்தால் கீழே சிந்தியதை உடனே எடுத்துவிடுங்கள். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு நஞ்சு, கறுப்புச் சாக்லேட்டில் அது கூடுதல்.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனியில்லாச் சாக்லேட் செய்யலாமா?

கடையில் விற்கும் பல சீனியில்லாச் சாக்லேட்டில் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கிறது. அதுவும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும். எழுபது விழுக்காட்டுக் கறுப்புச் சாக்லேட்டிலும் ஏறக்குறைய முப்பது விழுக்காடு சீனி உண்டு. என் வழி, வறுத்த பாதாம் நான்கை ஒரு மெல்லிய சாக்லேட் வில்லையில் ஒட்டி, ஒன்று மட்டும் கொடுப்பது. மாமாக்கள் இரண்டாவது கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

சாக்லேட் விலை ஏன் இவ்வளவு ஏறியது? நம் நாட்டில் கோகோ விளைகிறதே?

விளைந்தது என்பதே பொருத்தம். 1980-களில் சபாவின் தாவாவ் வட்டாரத்திலும் பகாங், பேராக் பகுதிகளிலும் கோகோ செழித்தது. 1990-இல் நாட்டின் விளைச்சல் சுமார் 2,47,000 டன். உலகின் முன்னணி நாடுகளில் மலேசியா ஒன்றாக இருந்தது. 1989-இல் கோகோ வாரியமும் அமைந்தது. பிறகு காய் துளைப்பான் பூச்சி, விலை வீழ்ச்சி என்று அடுத்தடுத்து அடி விழுந்தது. தோட்டங்கள் கோகோவை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டன. இன்று இங்கே அரைபடும் கொட்டை பெரும்பாலும் இறக்குமதி. கோகோ இருந்த இடத்தில் வந்த செம்பனையின் கொழுப்பே இப்போது நம் காம்பவுண்டுக்குள் கோகோ வெண்ணெயின் இடத்தையும் பிடித்திருக்கிறது.

ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில்தான் உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைகிறது. அங்கே பருவநிலையும் மரநோயும் கெடுத்ததால் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் 12,000 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் பல ஆண்டுகள் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையில் நின்ற விலை அது. கொட்டை விலை பிறகு இறங்கியது, கடை விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை.

வீட்டிலிருந்து விற்கலாமா?

விற்கலாம். ஆனால் உணவைக் கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் அதைக் கேட்கின்றன. பெட்டியில் பொருள் பட்டியல், ஒவ்வாமைப் பொருள்கள், தேதி, உங்கள் பெயர், முகவரி போடுங்கள். ஹலால் சான்றிதழ் பெறாமல் ‘ஹலால்’ என்று அச்சிடுவது குற்றம். பயன்படுத்திய பொருள்களை அப்படியே எழுதினால் வாங்குபவர் முடிவு செய்துகொள்வார். விலை போடும்போது குளிர்சாதன மின்கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். முதல் தீபாவளிக்கு ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் காம்பவுண்டில். பெட்டி வாங்கிய அக்கா அதைக் காரில் வைத்துவிட்டு மஸ்ஜித் இந்தியாவில் சேலை பார்க்கப் போய்விடுவார். உருகினால் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும்.